வரைபடத்தில் சிக்கிய மாத்திரை

2020 ஜனவரி. வூஹானில் பரவிய புதுக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை. புதிதாக ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். லண்டனில் பெனவலண்ட் ஏஐ நிறுவனத்தின் மருந்தியலாளர் பீட்டர் ரிச்சர்ட்சன், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏதாவது உதவுமா என்று தேடினார். அவர் தேடிய இடம் ஒரு கணினி.

ஏராளமான மருத்துவக் கட்டுரைகளை அலசி, எந்தப் புரதம் எதை இயக்குகிறது, எந்த மருந்து எதைத் தடுக்கிறது என்று கோத்து வைத்திருந்த வரைபடம் அதில் இருந்தது. வைரஸ் நுரையீரல் செல்லுக்குள் நுழையத் துணைபோகும் புரதங்களில் ஒன்றாக ஏஏகே1 தென்பட்டது. அதைத் தடுக்க 378 சேர்மங்கள். மருத்துவப் பயன்பாட்டில் இருந்தவை 47. வலுவாகத் தடுப்பவை வெறும் ஆறு. அவற்றிலும் சில புற்றுநோய் மருந்துகள், பக்கவிளைவுகளோ கடுமை. தேடல் அங்கேயே நின்றிருக்கும்.

ஆனால் ஒன்று முடக்குவாத மாத்திரை. 2017இல் அமெரிக்கா அனுமதி மறுத்து, மறு ஆண்டுதான் இறங்கி வந்தது. சைட்டோகைன்கள் எழுப்பும் அபாயச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜேக்1, ஜேக்2 நொதிகளை அடக்குவதே அதன் வேலை. கொரோனா முற்றும்போது நுரையீரலைச் சிதைப்பதில் உடலின் சொந்த எதிர்ப்புப் படைக்கும் பங்குண்டு. ஒரே மாத்திரை வைரஸின் வாசலையும் அடைத்து, படையையும் அமைதிப்படுத்தினால்? பிப்ரவரி 4 அன்று 'லான்செட்' இதழில் கடிதம் வெளியானது. எதிர்ப்பும் கிளம்பியது: வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானும் அதே ஜேக் வழியைத்தானே நம்பியிருக்கிறது!

மே மாதம் 1,033 நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிர் மட்டும் பெற்றவர்கள் 8 நாளில் தேறினார்கள். இந்த மாத்திரையையும் சேர்த்துப் பெற்றவர்கள் 7 நாளில். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றும் எண். ஆனால் உயர்வேக ஆக்சிஜனிலோ முகமூடி வழிச் சுவாசக் கருவியிலோ இருந்தவர்களுக்கு 18 நாள் 10 ஆகச் சுருங்கியது. மாத்திரையைத் தயாரிக்கும் எலை லில்லி நிறுவனம் நடத்திய அடுத்த சோதனையோ முதன்மை இலக்கைத் தவறவிட்டது. தோல்வி என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டியதுதான். இறப்புக் கணக்கு அதைக் காப்பாற்றியது.

28 நாளில் இறந்தோர், மாத்திரை பெறாதவர்களில் 13 சதவீதம், பெற்றவர்களில் 8. 2021 மே மாதம் இந்தியாவும் அவசர அனுமதி தந்த அந்த மாத்திரை பாரிசிட்டினிப். தேடலைத் தொடங்கி வைத்தது வைரஸின் வாசல். உயிர்களைக் காத்த பெருமை பெரும்பாலும் ஜேக் தடுப்புக்கே சேர்கிறது. 2022 ஜனவரியில், தீவிர கொரோனா நோயாளிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் அதை வலுவாகப் பரிந்துரைத்தது.