அலுவிகாரையின் ஏடுகள்

ஆங்கிலத்தில் 'டெப்போசிஷன்' என்றொரு சொல் உண்டு. கீழே வைத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையினின்று பிறந்தது அது. ஆற்றுநீர் சுமந்துவந்த வண்டல் படிதலை அறிவியலார் அச்சொல்லாற் குறிப்பர். சாட்சியின் வாக்குமூலத்தை எழுத்தில் வைத்தலைச் சட்டத்தார் குறிப்பர். அரசனை அரியணையினின்று இறக்குதலும், இயேசுநாதரின் திருமேனியைச் சிலுவையினின்று இறக்குதலும் அப்பெயரே பெறும். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள. ஆயினும், இப்பொருள்களுட் பல ஒருங்கே கூடிய வரலாறு ஒன்று இலங்கையில் உண்டு. அஃது அலுவிகாரையின் வரலாறு.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவின் அருகே, பெரும் பாறைகளுக்கிடையே அமைந்த குகை விகாரை அது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கடலடியிற் படிந்து உருவானது. மத்திய மலைநாட்டுப் பாறைகளோ பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றுள்ளும் சில, ஆதியிற் படிவுகளாய் இருந்தவையே. இயற்கை தன் படிவைக் காக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. மனிதனுக்கு அத்தகைய அவகாசம் இல்லை.

கி.மு. 103இல் அனுராதபுரத்தில் முடிசூடிய வட்டகாமணி அபயன், சில திங்களுக்குள்ளேயே அரியணை இழந்தான். உரோகணத்தில் கலகம் மூண்டது. மாதோட்டத்தில் தமிழ்த் தலைவர் எழுவர் படையுடன் இறங்கினர். தோல்வியுற்ற மன்னன் காடுகளில் மறைந்து வாழ்ந்தான். புலகத்தன், பாகியன், பணயமாறன், பிலயமாறன், தாதிகன் ஆகிய ஐவர் ஒருவர்பின் ஒருவராகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர் என்று மகாவம்சம் கூறும். முன்னவரைக் கொன்றே பின்னவர் அரசேறினர். இறுதியில், கி.மு. 89இல் வட்டகாமணி தாதிகனை வென்று முடியை மீட்டான்.

இக்காலத்தில் நாட்டைக் கொடும் பஞ்சமும் வருத்தியது. அரசன் இழந்த முடி திரும்பி வரலாம். மாண்ட பிக்குவின் நினைவு திரும்பி வருமா? அந்நாளில் புத்தரின் போதனைகள் நெஞ்சிலன்றி ஏட்டில் இல்லை. புத்தர் மறைந்தபின் இராசகிருகத்திற் கூடிய பேரவையில், ஆனந்தர் சூத்திரங்களையும் உபாலி விநயத்தையும் தாம் கேட்டவாறே ஓதினர் என்பது மரபு. அஃது ஒருவகை வாக்குமூலமே. அதனை ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். பஞ்சத்தில் பிக்குகள் பலர் மடிந்தனர். சிலர் கடல் கடந்தனர். மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரேயொரு பிக்குவே எஞ்சினார் என்றும், அவர் ஒழுக்கம் குன்றியவராய் இருந்தும் நூல் அழிந்துவிடுமென அஞ்சி ஏனையோர் அவரிடமே அதனைக் கற்றனர் என்றும் பழைய உரை கூறுகிறது. சாட்சி குறையுடையவராயினும், சாட்சியம் இழக்கத்தக்கதன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆகவே, வட்டகாமணி மீண்டும் ஆண்ட காலத்தில், திரிபிடகமும் அதன் உரையும் எழுத்தில் வைக்கப்பெற்றன. மகாவம்சம் இடத்தைக் கூறவில்லை. பிற்கால நூலாகிய நிகாயசங்கிரகமே மாத்தளையின் இக்குகையைச் சுட்டுகிறது. பிக்குகள் ஐந்நூற்றுவர் இப்பணியிற் கூடினர் என்பது மரபு. மன்னன் அபயகிரி விகாரையை ஆதரித்தமையால், மகாவிகாரைப் பிக்குகள் தலைநகரை நீங்கி இத்தொலைவிடத்தை நாடினர் என வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர்.

தாளிப்பனையின் குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறி, மை பூசி எழுதுவது இந்நாட்டு வழக்கம். ஆயினும் ஓலை பாறையன்று, அரிக்கும், நொறுங்கும். அன்று எழுதிய ஏடுகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் நூலகமும் அழிந்தது. நூல்கள் மட்டும் அழியவில்லை. படி எடுத்தோரும் உரை எழுதியோரும் பல நாடுகளில் அவற்றைக் காத்தனர். அவர்களுள் சோழநாட்டு உறையூரைச் சேர்ந்த புத்ததத்தரும் ஒருவர். அரசுரிமைக்காகக் கடலின் இருகரையும் மோதிய கதையை மகாவம்சம் கூறும். அதே கடலைக் கடந்து சென்ற ஏடுகள், இருகரையும் ஒரு செல்வத்தைச் சேர்ந்து காத்த கதையைக் கூறும். வைத்ததைக் காப்பது, மீண்டும் மீண்டும் எழுதும் கைகளேயாம்.