வேம்புக்கு யார் சாட்சி?

சுவாஹிலி மொழியில் வேம்புக்குப் பெயர் முவாரொபைனி. அரொபைனி என்றால் நாற்பது; நாற்பது நோய் தீர்க்கும் மரமாம். இந்தியாவிலிருந்து போன மரம் கிழக்கு ஆப்பிரிக்காவில் நாட்டு மருந்தாகிவிட்டது.

நாம் இங்கே நோய்களை எண்ணுவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். பக்தி மட்டுமல்ல, 'வெளியாள் வராதே' என்ற அறிவிப்பும் அது. அரிப்புக்கு வேப்பங்கொத்தால் வருடுவது, கொழுந்தும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது, நாள் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வீட்டுப் பெண்கள் வேலை. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். இந்தியாவில் 1975க்குப் பிறகு அது இல்லை. ஆனால் அதற்கு முன்பு படுக்கையருகே விழித்திருந்தவர்கள் இவர்கள்.

1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் காப்புரிமை தந்தது. மறு ஆண்டு அதை எதிர்த்து நின்றவர்கள் மூன்று பெண்கள்: வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் குழுவின் மாக்டா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பைச் சேர்ந்த லிண்டா புல்லார்டு. 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடு தள்ளுபடியான நாள் 2005 மார்ச் 8, மகளிர் நாள்.

இதைப் பெண்களின் வெற்றி என்று வகுப்பில் சொல்வேன், மாணவியர் கைதட்டுவார்கள். ஆனால் 2000ஆம் ஆண்டு விசாரணையில் எடுபட்டது ஓர் இந்தியத் தொழிற்கூட மேலாளரின் சாட்சியம். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது என்றால் எப்போது, எங்கே, எவர் செய்தது என்று நிறுவ வேண்டும். ஆலைக்காரரிடம் அதற்கான பதில் இருந்தது. 'ஒரு கை கொழுந்து, ஒரு துண்டு மஞ்சள்' என்று வாய்மொழியாகச் சொல்லிவந்த பாட்டியிடம் ஏது தேதி?

எழுதி வைக்காததால் இன்னொரு கேடும் உண்டு: தவறும் பதிவாவதில்லை. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு மருத்துவமனைக்கு வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981இல் எழுதினார்கள். அதன் பிறகும் உள்ளுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்க வேண்டாம்.

ஆனி, ஆடியில் பழம் உதிரும். கம்பெனி வேலைக்குக் கண் போதாது என்று நிறுத்தப்பட்ட வயதான பெண்கள் மரத்தடியில் வேப்பங்கொட்டை பொறுக்குகிறார்கள். வியாபாரி எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். எந்த மரத்துக் கொட்டையில் எண்ணெய் அதிகம் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு போதும்.