ஆத்தங்குடிக் கல்லும் மோர்பி டைல்ஸும்

தரைக்குக் கல் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கடை விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறது. அங்கே எல்லாமே பளபளக்கும். பத்து வருடம் புழங்கிய பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கல் புழங்கப் புழங்க மாறிக்கொண்டே போகும். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வரும் விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட அன்று இருந்தபடியே இருக்கும். கெட்டால் மட்டும் ஒரேயடியாகக் கெடும்.

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வேலைப்பாடுள்ள அச்சை இறக்கி, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன் மேல் கலவை போட்டுக் கரணையால் மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து வெயிலில் காயவிடுகிறார்கள். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. குழம்பை ஊற்றுவது கை என்பதால் ஒரு பூவைப் போல இன்னொரு பூ அச்சுப் பிசகாமல் இருக்காது.

விட்ரிஃபைட் நெருப்பில் பிறப்பது. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் பொடியாகி, இயந்திரத்தில் அழுந்தி, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் வெந்து கண்ணாடித்தன்மை அடைகின்றன. அது உறிஞ்சும் நீர் தன் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. மற்ற வேறுபாடுகளில் முக்கால்வாசி இந்த ஒரு எண்ணிலிருந்து வருபவை.

சிமெண்டுக் கல்லில் நுண்துளைகள் உண்டு. அமிலமும் அதற்கு ஆகாது. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தி அப்படியே கிடந்தால் அந்த இடம் மங்கிவிடும். கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் மேற்பரப்பே அரித்துப்போகும். மஞ்சளும் எண்ணெயும் தினமும் சிந்தும் சமையலறையில் அழகுக்காக இதைப் போடச் சொல்பவர்கள், அந்தச் சமையலறையைத் துடைக்கப் போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். விட்ரிஃபைடுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே அழுக்கு சேருவது இடுக்குகளில்தான். எபாக்சி கொண்டு இடுக்கை அடைத்தால் அதுவும் குறையும்.

கூடத்திலும் தாழ்வாரத்திலும் கதை வேறு. ஆத்தங்குடித் தரை மிதிபட்டு, ஈரத்துணியால் துடைபட்டு வழவழப்பு ஏறுகிறது. பதித்த புதிதில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்ப்பதும் உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டில் அதே தரை வெளிறிப்போகும். விட்ரிஃபைடுக்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வாடகைக்கு விடும் வீட்டுக்கும், வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கிப் போடும் அடுக்குமாடி வீட்டுக்கும் அது பொருந்துவது இதனால்தான்.

ஆத்தங்குடிக் கல் போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் குளிர்ச்சியில் முற்றத்துக்கும் உயர்ந்த கூரைக்கும் தடித்த சுவருக்கும் உள்ள பங்கைக் கல்லின் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பது என் எண்ணம். மொட்டைமாடிக்கு நேர் கீழே, பத்தடி உயர அறையில் அதே கல்லைப் போட்டுவிட்டு மே மாதத்தில் அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. வழுக்கலிலும் இரண்டையும் முழுக்க நம்ப முடியாது. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ்தான் சரி.

பதிக்கும் ஆளைப் பொறுத்துத்தான் இரண்டின் ஆயுளும். ஆத்தங்குடிக் கல்லை இடைவெளி தெரியாமல் நெருக்கிப் பதிக்க வேண்டும். பழகிய கை இல்லாவிட்டால் மட்டம் ஏறி இறங்கும். மேற்பரப்பு மெல்லிய வண்ணப் படலம் என்பதால் அதைப் பிறகு இழைத்துச் சரிசெய்வதும் கஷ்டம். காரைக்குடிப் பக்கத்திலிருந்தே ஆட்களை வரவழைக்கிறவர்கள் கல்லின் விலையோடு அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்கட்டும். விட்ரிஃபைடில் நடக்கும் தவறு வேறு. ‘ஜாயிண்டே தெரியக் கூடாது’ என்று வீட்டுக்காரர் கேட்க, ஸ்பேசர் இல்லாமல் ஒட்டிவிடுகிறார்கள். வெயிலில் விரிய இடமில்லாத டைல்ஸ் ஒரு நாள் டமாரென்று கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். அடியில் கலவை முழுதாகப் பிடிக்காத இடத்தைத் தட்டிப் பார்த்தால் முன்கூட்டியே ‘தொப் தொப்’ என்று சொல்லிவிடும்.

இப்போது ஆத்தங்குடிப் பூவை அச்சடித்த விட்ரிஃபைடும் கடைகளில் கிடைக்கிறது. சமையலறைக்கு அது மோசமான யோசனை இல்லை. கூடத்தில் போட்டால், எல்லாப் பூவும் ஒன்றேபோல் இருப்பது சில மாதத்தில் கண்ணை உறுத்தத் தொடங்கும்.

எதை வாங்கினாலும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. விட்ரிஃபைடில் பெட்டியில் போட்டிருக்கும் பேட்ச் நம்பரும் ஷேடும் ஒன்றாக இருக்க வேண்டும். சில வருடம் கழித்துக் கடைக்குப் போனால் அந்த டிசைனையே நிறுத்தியிருப்பார்கள். ஆத்தங்குடியில் அதே அச்சில் புதிதாகச் செய்து வாங்கலாம். ஆனால் புழங்கிய தரையின் நடுவே அந்தப் புதுக் கல் தனியாகத் தெரியும். அதற்குப் பீரோ அடியில் மறைந்திருக்கும் கல்லைப் பெயர்த்து நடுவில் வைத்து, புதியதை அங்கே போடச் சொல்லுங்கள்.