தங்கமீனுக்கு வந்த காய்ச்சல்: ஆயிரம் ஆண்டு வைத்தியக் கதை

இங்கிலாந்தில் 1956-ம் ஆண்டு ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த ஒரு தங்கமீன், 1999-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தது. அதன் பெயர் டிஷ். மொத்தம் 43 ஆண்டுகள்! கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தது.

ஆனால் கடையில் வாங்கி வரும் தங்கமீன்கள் பல வீடுகளில் சில வாரங்கள்கூடத் தாங்குவதில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் வயிறு மேலே தெரிய மிதக்கிறது. "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மீன் வாங்கப் போகிறார்கள். உண்மையில் அந்த மீனுக்கு நோய் வந்திருக்கும், அறிகுறிகளும் தெரிந்திருக்கும். அவற்றைப் படிக்க மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பது ஆயிரம் ஆண்டுக் கதை. சற்று விரிவாகப் பார்ப்போம்.

சீனத்தில் தொடக்கம்

தங்கமீனின் தாயகம் சீனா. சாம்பல் நிறக் கெண்டை வகை மீன்களில் எப்போதாவது பிறக்கும் சிவப்புக் குஞ்சுகளைத் தனியே எடுத்து வளர்த்ததிலிருந்துதான் தங்கமீன் உருவானது. சோங் வம்சக் காலத்தில் (960-1279) குளங்களில் இவற்றை வளர்ப்பது பரவியது.

அந்தக் காலத்திலேயே நோயைப் பற்றிய குறிப்பும் வந்துவிட்டது என்பதுதான் ஆச்சரியம். கவிஞர் சு டோங்போவின் (1037-1101) பெயரில் வழங்கும் ஒரு நூல், மீன் இளைத்து உடலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அதற்குப் 'பேன்' என்று பெயர் என்கிறது. வைத்தியம்? ஒரு வகை மரப்பட்டையைத் தண்ணீரில் போடவேண்டும், அவ்வளவுதான். அந்த நூலை எழுதியவர் அவர்தானா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் இன்று 'வெள்ளைப் புள்ளி நோய்' எனப்படுவதன் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றாக இதைக் கருதுகிறார்கள்.

1596-ம் ஆண்டு இன்னும் முக்கியமானது. லீ ஷிசென் எழுதிய புகழ்பெற்ற மருந்து நூலான 'பென்சாவ் காங்மு' அந்த ஆண்டு அச்சானது. அதில் தங்கமீனுக்கும் ஒரு பகுதி உண்டு. அதே ஆண்டில்தான் ஜாங் சியான்டே என்பவர் தங்கமீனுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 19 தான்! தொட்டியின் அடியில் சேரும் அழுக்கை மூங்கில் குழாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்று மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாயை வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

கடல் தாண்டிய மீன்

தங்கமீன் சுமார் 1502-ல் ஜப்பானின் சகாய் துறைமுகத்துக்கு வந்தது என்பார்கள். அதே ஊரைச் சேர்ந்த அடாச்சி என்பவர் 1748-ல் தங்கமீன் வளர்ப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜப்பானியர் நோய்களுக்கு வைத்த பெயர்களும் சுவையானவை. உடல் வீங்கிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும் நோய்க்கு அவர்கள் மொழியில் 'பைன் காய் நோய்' என்று பெயர். மேலிருந்து பார்த்தால் மீன் அப்படியே பைன் மரக் காயைப் போலத்தான் இருக்கும்.

இவர்கள் எல்லோரும் மீனை மேலிருந்து பார்த்தவர்கள். குளத்திலும் பீங்கான் தொட்டியிலும் அப்படித்தான் பார்க்க முடியும். ஐரோப்பாவுக்குப் போன தங்கமீனைக் கண்ணாடிக் குவளையில் போட்டார்கள். பக்கவாட்டில் அழகாகத் தெரிந்தது. ஆனால் வாய் குறுகிய அந்தக் குவளையில் காற்று படும் பரப்பு குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அது மூச்சுத் திணறல் என்பது பலருக்குப் புரியவில்லை.

லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இதை ஆராய்ந்தார். பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் போட்டார். செடி ஆக்சிஜன் கொடுத்தது. ஆனால் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. பிறகு நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது, மீன்கள் பிழைத்தன. இதை 1850-ல் அவர் வேதியியல் சங்கத்தில் அறிவித்தார். மீனுக்கு எந்த மருந்தும் கொடுக்காமல் தண்ணீரைச் சரிசெய்தே அதைக் காப்பாற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

மீனின் செவுள் வழியே அம்மோனியா வெளியேறுகிறது. அது நீரில் சேர்ந்தால் அதே செவுளை அரித்துவிடும். பிறகு எப்படிக் குளங்களில் மீன்கள் வாழ்கின்றன? மண்ணிலும் நீரிலும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிருள்ள கிருமிகளே என்று 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும் காட்டினார்கள். பின்னர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்தக் கிருமிகளைப் பிரித்தெடுத்தார். புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் பெருகச் சில வாரங்கள் ஆகும். வாங்கிய புதிதில் மீன்கள் சாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வெள்ளைப் புள்ளி நோயின் குட்டு வெளிப்பட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். பிரெஞ்சு ஆய்வாளர் ஃபூக்கே 1876-ல் அந்தப் புள்ளிக்குள் இருக்கும் ஒற்றைச் செல் உயிரிக்கு 'இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்' என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான்! பொருள் என்ன தெரியுமா? 'பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்'. சீனர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே 'பேன்' என்றுதான் சொல்லியிருந்தார்கள்!

சீனர்களுக்குத் தெரியாதது அந்தப் 'பல பிள்ளைகள்' கதை. புள்ளிக்குள் இருக்கும் உயிரி மீனின் தோலைத் தின்று கொழுக்கும். பிறகு கழன்று தொட்டியின் அடியில் விழுந்து, உறை கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். அவை நீந்திப் போய் மறுபடி மீனைப் பிடிக்கும். மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாட்களில் செத்துவிடும். தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தும்போது மட்டுமே கொல்ல முடியும்.

ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது பெரிய தவறு. அப்போதுதான் அடியில் அடுத்த படை தயாராகிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட அறிவையெல்லாம் தொகுத்து, ஜெர்மனியில் புரூனோ ஹோஃபர் 1904-ல் மீன் நோய்களுக்கான கையேட்டை வெளியிட்டார். மீன் நோயியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

சாயப் புட்டிகள்

நம் ஊர் மீன் கடைகளில் விற்கும் நீல மருந்தைப் பார்த்திருப்பீர்கள். அது மெத்திலின் புளூ, துணிக்குப் போடும் சாயமாக 1876-ல் பிறந்தது. நோய்க் கிருமிக்குப் பெயர் வைத்ததும் அதே ஆண்டுதான்! பச்சைச் சாயமான மாலகைட் கிரீன் 1930-களில் மீன்களின் பஞ்சுப் பூசணத்துக்கு மருந்தானது. அது நன்றாக வேலை செய்தது. ஆனால் மனிதர்களுக்கு நல்லதல்ல என்று தெரிந்ததும், உண்ணும் மீன்களுக்கு அதைப் பயன்படுத்துவதை அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடுத்துவிட்டன.

நீல மருந்திலும் ஒரு சிக்கல் உண்டு. அம்மோனியாவைத் தின்னும் நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும். எனவே நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றித்தான் மருந்து போடவேண்டும்.

மருந்தே இல்லாத நோய்

1992-ல் மேற்கு ஜப்பானின் பண்ணைகளில் தங்கமீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செவுள்கள் வெளுத்திருந்தன. இரத்தத்தை உண்டாக்கும் சிறுநீரகத் திசு அழிந்திருந்தது. காரணம் ஹெர்பஸ் வகை வைரஸ் ஒன்று. அதற்கு மருந்து இல்லை. தண்ணீரின் வெப்பத்தைச் சுமார் 33 டிகிரிக்குச் சில நாட்கள் உயர்த்தினால் சாவு குறைகிறது என்று ஜப்பானியர் கண்டுபிடித்தனர். மறுபடியும் தண்ணீர்தான் வைத்தியம்!

இந்த வைரஸ் இந்திய அலங்கார மீன் பண்ணைகளிலும் இருப்பது 2016-ல் ஓர் ஆய்வில் பதிவானது. அந்த மீன்களிடம் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியாவும் இருந்தது. காரணம் தெரியாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் எதுவும் நடக்காது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

வரலாறு தரும் கைவைத்தியம்

உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது 'பேன்'. பஞ்சு ஒட்டியது போல இருந்தால் பூசணம். செதில்கள் சிலிர்த்திருந்தால் உள்ளுறுப்பு கெட்டிருக்கிறது, பிழைப்பது கடினம். உருண்டை உடல் தங்கமீன் தலைகீழாக நீந்தினால், காற்றுப்பை கோளாறாக இருக்கலாம். அழகுக்காக அதன் உடலைக் குட்டையாக்கியதே மனிதன்தான். எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாய் பிளந்தால் நோயைத் தேடவேண்டாம், தண்ணீர்தான் கெட்டிருக்கிறது.

எதுவானாலும் முதல் வேலை, குளோரின் நீக்கிய தண்ணீரால் கால்வாசி முதல் பாதிவரை மாற்றுவது. குழாய் நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தாலே பெரும்பாலும் குளோரின் போய்விடும். அடுத்தது லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல் உப்பு. மருந்துப் புட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

மூங்கில் குழாயை எடுத்த 19 வயது சீன இளைஞருக்குக் கிருமி தெரியாது, அம்மோனியாவும் தெரியாது. ஆனால் தினமும் தொட்டியின் அடியைப் பார்த்தார். இன்று மீன் வளர்ப்பவர்களும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான்!