நடைப்பயணத்தில் வாய்த்த ஆசான்: நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும்

தமிழ்நாட்டு இயற்கை வேளாண்மை இயக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோ. நம்மாழ்வாரின் சொற்பொழிவுகளையும் போராட்டங்களையும் விரித்துப் பேசுவர். ஆயினும் அவரை நேரில் கண்டவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதைக் கொண்டே அவரது பணியின் ஆழத்தை அறிய முடியும். அவ்வகையில், திருவாரூர் மாவட்டத்துக் கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமன் 2003-ஆம் ஆண்டில் அவருடன் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை மேற்கொண்ட நடைப்பயணம் தனித்து ஆராயத் தக்கது. நுகர்வோர் இயக்கத்தில் பணியாற்றிவந்த ஜெயராமன், தாம் பெரிதும் போற்றிய ஒருவரைப் பின்தொடர்ந்து நடந்து, திரும்புகையில் விதைநெல்லோடு திரும்பினார்.

1938-இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, 1963-இல் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றவர். மழையை மட்டுமே நம்பிச் செய்யும் மானாவாரிச் சாகுபடி நிலவிய அப்பகுதியில், உரத்துக்கும் வீரிய விதைக்கும் பணம் செலவிட வழியற்ற உழவருக்கு நிலையத்தின் ஆய்வுகள் உதவவில்லை என்று உணர்ந்து, 1969-இல் அப்பணியைத் துறந்தார். கற்பிப்பவரும் கற்பவரும் உரையாடலின் வழி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்ற பாவ்லோ பிரையரின் கல்விக் கொள்கையும் காந்தியவாதி வினோபா பாவேயின் சிந்தனையும் பின்னர் அவரை ஆட்கொண்டன. தம்மை நாடி வருவோரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாமல், மண்ணையும் விதையையும் அவற்றை அறிந்த உழவரையும் நோக்கித் திருப்பிவிடும் அவரது இயல்புக்கு இவ்விரு சிந்தனைகளும் துணைநின்றன எனலாம். ஒரு தலைவரிடம் காணக் கிடைக்கும் அரிய குணம் அது.

அவர்கள் நடந்த 2003, மேட்டூர் அணையின் நீர் பொய்த்து, சூன் மாதத்தில் தொடங்க வேண்டிய குறுவைச் சாகுபடி கைவிட்டுப்போன ஆண்டு. கடல்முகத்திலிருந்து கல்லணையை நோக்கி, காவிரியின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஊர் ஊராக நடந்தவர்கள், நஞ்சில்லா உணவைப் பற்றியும் மறைந்துவரும் பாரம்பரிய நெல்வகைகளைப் பற்றியும் உழவரிடம் பேசினர். அப்போது வழியில் உழவர்கள் தாம் காத்துவைத்திருந்த பழைய நெல்வகைகள் சிலவற்றைக் கொண்டுவந்து அளித்தனர். அவற்றுள் ஒன்று காட்டுயானம். ஏறத்தாழ 7 அடி உயர்ந்து, யானையே மறையத்தக்க அடர்த்தியுடன் நிற்கும் இந்நெல், சிவந்த அரிசியும் 180 நாள் வயதும் உடையது. வறட்சியையும் ஓரளவு வெள்ளத்தையும் தாங்குவதால், விதைத்துவிட்டு அறுவடைக்குப் போனால் போதும் என்று உழவர் இதனைப் பற்றிச் சொல்வதுண்டு. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 முதலான குட்டை ரகங்கள், யூரியாவை மிகுதியாக இட்டாலும் சாயாமல் நின்று கதிரை நிறைக்கவல்லவை. காட்டுயானம் அவற்றின் விளைச்சலுக்கு ஈடாகாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் மாட்டுக்கு வைக்கோலும் கூரைக்குத் தாளும் மண்ணுக்கு மட்கும் தருவது அந்த நெடிய தண்டே ஆதலின், நெல்மணியை மட்டும் எடையிட்டுப் பார்ப்பது அரைக் கணக்காகவே முடியும்.

வாங்கிய விதையைக் காப்பது வாங்குவதினும் கடினமானது. நெல், ஒரே பூவின் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஆதலின், கலவன் களைந்து, அதாவது வேற்றுரகச் செடிகளைக் கதிர் முற்றுமுன் பிடுங்கி அகற்றி, உழவரே தம் வயலில் தூய விதை எடுக்க இயலும். ஆனால் கடலோர ஈரக்காற்றில் சாதாரணமாகச் சேமித்த நெல் நெடுநாள் முளைப்புத்திறனோடு இராது. விதை உயிரோடிருக்க வேண்டுமாயின் அடிக்கடி அது வயலுக்கு இறங்கியாக வேண்டும், அதற்குப் பல கைகள் வேண்டும். ஜெயராமன் ஆதிரெங்கம் என்ற ஊரில் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழா இவ்வுண்மையின்மேல் எழுந்தது. அங்கு வரும் உழவருக்கு ஒரு ரகத்தில் 2 கிலோ விதை விலையின்றி அளிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒற்றை நாற்று முறையில், அதாவது குத்துக்கு ஓர் இளநாற்று வீதம் இடைவெளிவிட்டு நடும் முறையில், ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு அந்த 2 கிலோவே போதுமானது என்பதை எண்ணுங்கால், கைப்பையில் அடங்கும் அச்சிறு கொடையின் பொருள் விளங்கும்.

இவ்வாறு மீண்ட நெல்வகைகள் 170-ஐ ஒட்டி எண்ணப்படுகின்றன. அவற்றுள் குழியடிச்சான் உவர்நிலம் தாங்கும் கடலோர நெல். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் உப்பேறிய நாகை மாவட்ட வயல்களைத் தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரப் பயிர்களால் மீட்க நம்மாழ்வார் உழைத்ததை அறிந்தோர்க்கு, இத்தகைய விதையின் அருமை எளிதில் புலப்படும்.

2013 டிசம்பர் 30 அன்று, காவிரிப் படுகையில் மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிரான பரப்புரைக்கிடையே பட்டுக்கோட்டைப் பகுதியில் நம்மாழ்வார் காலமானார். 2018 டிசம்பர் 6 அன்று ஜெயராமன் புற்றுநோயால் மறைந்தார். தந்தையின் பெயரெழுத்தையோ ஊரின் பெயரையோ தம் பெயருக்குமுன் இட்டுக்கொள்வது தமிழர் வழக்கம். ஜெயராமனுக்கு அவ்விடத்தில் ‘நெல்’ என்ற சொல்லை இட்டவர் நம்மாழ்வார்.