மோல்டு சரியில்லை என்றால் மிஷின் என்ன செய்யும்?

காது மிஷினின் வரலாற்றை யார் எழுதினாலும் வால்வு, டிரான்சிஸ்டர், டிஜிட்டல் சிப் என்று அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மோல்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. மோல்டு செய்தே பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எத்தனை ஆயிரம் கொட்டி வாங்கினாலும், காதுக்குள் போகிற அந்தச் சின்னத் துண்டு ஒத்துவராவிட்டால் மிஷின் பீரோவில்தான் கிடக்கும்.

ஆதியில் காதுக்கு அளவெடுக்கும் வேலையே இல்லை. கூம்பு ஒன்றைக் காதோரம் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பீத்தோவனுக்கு மெல்செல் என்பவர் செய்துகொடுத்த கூம்புகள் இன்றும் பான் நகரில் இருக்கின்றன. போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜோவானுக்கு 1819 வாக்கில் லண்டன் ரெய்ன் கம்பெனி ஒரு சிம்மாசனமே செய்தது. கைப்பிடிகளில் வாய் பிளந்த சிங்கங்கள். மனுக் கொடுக்க வந்தவர் மண்டியிட்டு அந்த வாயில் பேச வேண்டும். சத்தம் ஆசனத்துக்குள் புகுந்து குழாய் வழியே ராஜாவின் காதுக்குப் போகும். ராஜாவுக்குக் காது மந்தம் என்றால் சிரமம் குடிமக்களுக்குத்தான்!

மின்சார மிஷின்களில், சத்தத்தைக் காதுக்குள் விடுகிற ரிசீவர் பட்டன் அளவுக்குச் சுருங்கிய பிறகுதான் அதைத் தாங்கக் காதுக்குள் ஒரு பிடி தேவைப்பட்டது. முதலில் வல்கனைட் என்ற கெட்டி ரப்பர், பிறகு பல்செட் செய்கிற அதே அக்ரிலிக். எங்கள் பட்டறைச் சாமான்களில் பாதி பல் டாக்டரிடம் இருப்பவைதான். 1948இல் பிரிட்டன் அரசு மெட்ரெஸ்கோ மிஷினை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அது உடம்பில் மாட்டிக்கொள்கிற பெட்டி. மைக் நெஞ்சில், ரிசீவர் காதில். இடைவெளி இருந்ததால் மோல்டு கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் பெரிய தொந்தரவில்லை.

1952 கடைசியில் சோனோடோன் டிரான்சிஸ்டர் மிஷின் வந்தது. அடுத்த சில வருஷங்களில் மிஷின் மூக்குக்கண்ணாடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் ஏறிக்கொண்டது. மைக்கும் ரிசீவரும் பக்கத்துப் பக்கத்தில். காதிலிருந்து கசிந்த சத்தம் திரும்ப மைக்கில் விழுந்து, பெருகி, மறுபடி கசிந்து, ‘கீ’ என்று விசிலடித்தது. மோல்டுக்காரனுக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

அளவெடுப்பது இப்படி. டார்ச் அடித்துப் பார்த்து, நூல் கட்டிய பஞ்சைக் காதுக் குழாயின் இரண்டாவது வளைவு தாண்டி வைப்போம். பேஸ்ட் செவிப்பறைப் பக்கம் போகாமல் அது தடுக்கும். பிறகு சிரிஞ்சில் அச்செடுக்கும் பேஸ்ட். மென்று காட்டச் சொல்வோம். தாடை அசைந்தால் குழாயின் வடிவமும் மாறும். வாயை மூடியபடியே எடுத்த அளவில் செய்த மோல்டு, சாப்பிட உட்கார்ந்ததும் விசிலடிக்கலாம்.

புது மோல்டு போட்டவர்களின் முதல் புகார் பெரும்பாலும் சொந்தக் குரல்தான். “பானைக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்கு தம்பி” என்றார் ஒரு பாட்டி. பேசும்போது எலும்பு வழியாகக் காதுக்குள் வரும் அதிர்வை மோல்டு அடைத்துவிடுகிறது. வென்ட் என்று ஒரு சின்னத் துளை போட்டால் வெளியேறும். பெரிதாகப் போட்டால் பழைய விசில் திரும்பும். கேட்கும் திறன் மிகவும் குறைந்தவருக்கு அந்த வழியும் இல்லை. தினமும் பேப்பரை உரக்கப் படித்துக் குரலுக்குப் பழகிக்கொள்ளச் சொல்வேன். ஆனால் பழகிவிடும் என்கிற சமாதானம் குரலுக்குத்தான், வலிக்கு இல்லை. மடல் சிவந்திருந்தால் அந்த இடத்தை லேசாகத் தேய்த்து பாலிஷ் போட வேண்டும். “இன்னும் கொஞ்ச நாள் போட்டுப் பாருங்க” என்று அனுப்புகிற கடைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இப்போது அச்சை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திருத்தி 3டி பிரிண்டரில் எடுத்துவிடுகிறார்கள். விசிலை மிஷினே அடக்குவதால், குறைபாடு லேசாக இருப்பவர்களுக்கு மோல்டுக்குப் பதில் ரப்பர் டோம் போதும். ஃபைல் கைவசம் இருப்பதால், தொலைத்துவிட்டு வரும் பெரியவர்களுக்கு மறுபடி அளவெடுக்காமலே அடித்துக் கொடுக்கலாம். கைக்குழந்தைக்கு அது உதவாது. சில மாதத்தில் காது வளர்ந்துவிடும். பஞ்சு, நூல், பேஸ்ட் எல்லாம் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.