கம்போங் புவா பாலாவும் கூட்டுறவு என்னும் சொல்லும்

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஊர்ப்பெயர்ப் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தேன். தாத்தா பாட்டி வாழ்ந்த ஊரின் பெயரையும் அதன் பொருளையும் வீட்டில் கேட்டெழுதி வரவேண்டும். ஜுரு தோட்டம், புக்கிட் மெர்த்தாஜாம், நிபோங் திபால் என்று தாள்கள் வந்தன. ஒரு மாணவி மட்டும் கம்போங் புவா பாலா என்று எழுதி, 'அங்கே நிறைய மாடுகள் இருந்தன. பால் கறந்து விற்றார்கள். அதனால் பாலா என்று பெயர் வந்தது' என்று விளக்கமும் தந்திருந்தாள்.

மலாய் மொழியில் 'புவா பாலா' என்றால் சாதிக்காய். பிழையைத் திருத்தினேன். ஆனால் அந்தப் பிழையை முற்றிலும் பிழை என்று தள்ளவும் மனம் வரவில்லை. அவ்வூரில் மாடுகளும் ஆடுகளும் இருந்தது உண்மை. பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரை ஒட்டி, 'தமிழர்களின் ஹை செப்பரல்' என்றே அதனை அழைத்தார்கள். 'அந்த ஊருக்குப் போகலாமா ஐயா?' என்று வகுப்பில் ஒரு குரல் எழுந்தது. இல்லாத ஊருக்கு எப்படிப் போவது?

ஜுருவிலிருந்து அது தொலைவில் இல்லை. 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடந்தால் தீவில் முதலில் கால் வைக்கும் இடம் குளுகோர். அங்கேதான் சுமார் 2.6 எக்டர் நிலத்தில் அக்கிராமம் இருந்தது. 2009 செப்டம்பரில் அதன் வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த நிலத்தை வாங்கியது ஒரு கூட்டுறவுச் சங்கம். விற்றது மாநில அரசு. இந்த வரலாற்றை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதற்குக் காரணம் அதுவே.

குளுகோர் நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் தோட்டமாக இருந்தது. மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவை அங்கே விளைந்தன. அவர் 1825-இல் மறைந்தார். ஜார்ஜ் டவுனில் பாடாங் பிரௌன் என்று நாம் அழைக்கும் திடல் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. 1860-ஆம் ஆண்டளவில் நோய் தாக்கிப் பினாங்கின் சாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. பெயர் மட்டும் மண்ணில் தங்கியது. அத்தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்தவர்களே தலைமுறை தலைமுறையாகக் கம்போங் புவா பாலாவில் குடியிருந்தார்கள். பிரௌன் குடும்பத்தைச் சேர்ந்த எலன் மார்கரெட் பிரௌன் என்பவர் தொழிலாளர்கள் குடியிருப்பதற்காக இந்நிலத்தை அறக்கட்டளையாக விட்டுச் சென்றார் என்பது கிராமத்தாரின் வாதம். நிலப் பதிவேட்டிலோ அது அரசு நிலமாக இருந்தது.

நம் நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. நகராண்மைக் கழகமும் மாநகராண்மைக் கழகமும் கட்டட அனுமதியும் திட்ட அனுமதியும் தருபவை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், குடியிருந்த காரணத்தால் மட்டும் அரசு நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. நம் முன்னோரில் பலர் இதை அறியாமலே வாழ்ந்து மறைந்தார்கள். முற்றத்தில் தென்னை வைத்தோம், கோயில் கட்டினோம், ஆகவே இது நம் மண் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குப் பதிவேட்டில் ஒரு கட்டமும் இல்லை.

இதற்கிடையே பாலமும், மிண்டனில் அமைந்த பல்கலைக்கழகமும் குளுகோரின் நில மதிப்பைப் பன்மடங்கு உயர்த்தின. 2004-இல் அன்றைய மாநில அரசு அந்நிலத்தைப் பினாங்கு அரசு அதிகாரிகள் கூட்டுறவுச் சங்கத்திற்கு விற்க ஒப்புதல் அளித்தது. முடிவான விலை ஏறத்தாழ 32 இலட்சம் ரிங்கிட். உறுப்பினர்களுக்கு வீடு வேண்டும் என்பது ஒரு கூட்டுறவுச் சங்கத்திற்கு முறையான நோக்கமே. சங்கம் நுஸ்மெட்ரோ வெஞ்சர் என்னும் மேம்பாட்டு நிறுவனத்தோடு இணைந்து அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டத் திட்டமிட்டது. 2008 மார்ச் 8-ஆம் நாள் பொதுத் தேர்தலில் மாநில ஆட்சி மாறியது. அம்மாத இறுதியில், மார்ச் 27 அன்று, நிலம் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. ஒப்புதல் அளித்தது பழைய ஆட்சி என்று புதியவர்களும், பெயர் மாற்றியது புதிய ஆட்சி என்று பழையவர்களும் பின்னர் ஒருவரையொருவர் சாடினார்கள். இரண்டும் உண்மை. இரண்டாலும் ஒரு வீட்டின் கூரையைக்கூடக் காக்க முடியவில்லை.

கிராமத்தார் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு 2009-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று அவர்களுக்கு எதிராக முடிந்தது. மாநில அரசின் முயற்சியால், 24 வீடுகளுக்கும் ஈடாக ஆளுக்கொரு இரட்டை மாடி வீடு தருவதாகப் பேசப்பட்டது. சில குடும்பங்கள் ஏற்றன. சில குடும்பங்கள் இறுதிவரை மறுத்தன. அந்த நாள்களில் நாளிதழ்களில் வந்த படங்களைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏற்றவர்களையும் மறுத்தவர்களையும் குறை கூற எனக்கு மனம் இல்லை. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் இரு அணியாகப் பிரிந்ததுதான் எனக்கு இடிபாடுகளைவிட வருத்தமாக இருந்தது.

இதில் அரசுக்கும் சங்கத்திற்கும் இடையே ஒத்துழைப்பு இல்லாமல் இல்லை. நில ஒதுக்கீடு, விலை, பெயர் மாற்றம் என எல்லாம் அவ்விரு தரப்புக்கும் இடையே நடந்தேறின. ஆனால் நிலத்தின் மேல் வாழ்ந்தவர்கள் அந்த இரு தரப்பிலும் இல்லை. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் அரசு அதிகாரிகளுக்குரியது. பால் கறப்பவரின் பெயர் அதில் எப்படி இருக்கும்? நகர மன்றத்திலோ, தேர்தல் வழியாக அவர்கள் கேள்வி கேட்கக்கூடிய உறுப்பினர் எவரும் இல்லை. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் நடந்தது நம் ஜார்ஜ் டவுனில்தான். 1957-இல் மாநகரமானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர். அறுபதுகளின் நடுவில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதன்பின் மன்ற உறுப்பினர்கள் நியமனம் செய்யப்படுகிறார்கள். ஒரு வட்டாரத்தின் வாக்குக்கு அஞ்ச வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

இதே கூட்டுறவு என்னும் சொல் நம்மவர் கைக்கு வேறு விதமாகவும் வந்திருக்கிறது. ஐம்பதுகளின் இறுதியில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும், ஏனெனில் வீடு வேலையோடு கட்டப்பட்டது. தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி மாதம் 10 ரிங்கிட் கட்டிப் பங்குதாரர் ஆகலாம். அந்நாளில் அது பெரிய தொகை. அப்படிச் சேர்ந்த பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். கூலிம் வட்டாரம்தான், ஜுருவிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். அச்சங்கத்தைப் பற்றியும் குறைகள் பேசப்பட்டதுண்டு. அவை வேறு கட்டுரைக்குரியவை. ஆயினும் பால் மரம் வெட்டியவரின் பெயரே உரிமைப் பட்டியலில் ஏறியது என்பதை எவரும் மறுக்க முடியாது.

அயல்நாட்டில் ஒன்றையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நகர அரசும் வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் நூறாண்டுகளாக இணைந்து இயங்குகின்றன. நகரம் தன் நிலத்தைச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் விற்பதில்லை. நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கிறது. வாடகை கட்டுமானச் செலவை ஒட்டியே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. 2011-இல் அந்நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 2050-க்குள் வாடகை வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு இத்தகைய இலாப நோக்கற்ற வீடுகளாக இருக்க வேண்டும் என்பதற்கு வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்புதல் தந்தார்கள். செல்வம் மிக்க நாடு, நமக்கு ஒப்பாகுமா என்று கேட்பீர்கள். ஒப்பாகாதுதான். ஆனால் நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுவதற்குச் செல்வம் வேண்டியதில்லை. அந்நிலத்தில் ஏற்கெனவே இருப்பவர்களைச் சங்கத்தில் சேர்த்துக்கொள் என்று ஒரு நிபந்தனை எழுதுவதற்கும் செல்வம் வேண்டியதில்லை. 2004-இல் அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அரசு அதிகாரியும் மாடு வளர்த்தவரும் இன்று ஒரே சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்த பருவத்தில் இதே மாணவர்களுக்குக் 'கூட்டுறவு' என்னும் தலைப்பில் பாடம் நடத்த இருக்கிறேன். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பழைய பங்குச் சான்றிதழோ, சந்தா கட்டிய இரசீதோ இருந்தால் பிள்ளையிடம் உறையில் இட்டுக் கொடுத்தனுப்புங்கள். நகல் எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தருகிறேன்.